கூச்சத்தில் போன எட்டு மாதம்!

சமையல் குறிப்பு, கோலம் என்று எத்தனையோ எழுதிப் போட்டிருக்கிறேன். இந்த விஷயத்தை எழுதத்தான் ரொம்ப நாள் யோசித்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள். 2022 சித்திரை மாதம், பிறப்புறுப்பில் ஒருவித கெட்ட வாடை வர ஆரம்பித்தது. மீன் கழுவின தண்ணீர் மாதிரி. கூடவே சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணியாக வெள்ளைப்படுதல். அரிப்போ, வலியோ கிடையாது. மாதவிலக்கு சமயத்திலும், கணவரோடு சேர்ந்த பிறகும் வாடை அதிகமாகத் தெரியும்.

'நாம சுத்தமா இல்லையோ' என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நாளைக்கு நான்கு தடவை சோப்பு போட்டு உள்ளே வரை கழுவினேன். அதுவும் போதாமல், புண்ணுக்குப் போடுகிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவினேன். எரிச்சல்தான் மிச்சம், வாடை போகவில்லை. பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வேன். நாத்தனார் மகள் சடங்குக்குக்கூடப் போகாமல், தலைவலி என்று பொய் சொன்னேன். ராத்திரியில் பிள்ளைகளோடு போய்ப் படுத்துக்கொண்டேன். காரணம் தெரியாமல் வீட்டுக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். "உடம்புச் சூடுடி. வெள்ளைப்பட்டா எலும்பு உருகுதுன்னு அர்த்தம். வெந்தயத்தை ஊற வெச்சுக் குடி" என்றார். குடித்தேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். ஒன்றும் கேட்கவில்லை. இப்படியே எட்டு மாதம் ஓடிப்போனது.

மார்கழியில், எங்கள் தெருவுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸிடம் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். "இதுக்கா இத்தனை நாள் அழுதுகிட்டு இருந்தே? நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, லேடி டாக்டர் இருக்காங்க" என்றார். போனேன்.

டாக்டரம்மா திட்டவே இல்லை. பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் நீரை எடுத்துச் சோதித்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்:

"இது அழுக்கினால வர்றதில்லம்மா. பெண்ணுறுப்புக்குள்ள நல்ல பாக்டீரியா இருக்கு. தயிரைப் புளிக்க வைக்குமே, அந்த வகையறாதான். அதுங்க உள்ளே ஒரு புளிப்புத் தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமி பெருகாம பார்த்துக்குது. நல்லது குறைஞ்சு மத்தது பெருகினா இந்த மீன் வாடை வரும். நீ சோப்பு போட்டு உள்ளே கழுவக் கழுவ, காவல்காரனை நீயே விரட்டிட்டே. அதுக்காக தயிரை எடுத்துத் தடவிடாதே!"

ஏழு நாள் மாத்திரை கொடுத்தார். நான்காம் நாளே வாடை குறைந்துவிட்டது. ஆனாலும் ஏழு நாளும் போட்டு முடிக்கச் சொன்னார். திரும்ப வந்தால் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காமல், நேரில் வரச் சொன்னார்.

லேசான புளிப்பு வாடையும், நிறமில்லாத வெள்ளைப்படுதலும் எல்லாப் பெண்களுக்கும் இயற்கை. அதனால் எலும்பு உருகாது. அந்த உறுப்பு உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்பக்கத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். வாசனை பவுடர், ஸ்பிரே எதுவும் வேண்டாம். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். பருத்தி உள்ளாடை போட்டு, ஈரமானால் மாற்றிவிட வேண்டும். மாதவிலக்குத் துணியைத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். மூலையில் ஒளித்துக் காய வைப்பது நல்லதல்ல.

எப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்று அவர் சொன்னதை, சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

* மீன் வாடையோடு தண்ணியாக வெள்ளைப்பட்டால்.

* மஞ்சளாகவோ, பச்சையாகவோ, நுரை நுரையாகவோ பட்டால். இது தாம்பத்தியத்தில் தொற்றும் கிருமியாக இருக்கலாம். அப்படியானால் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும்.

* திப்பி திப்பியாகத் தயிர் போல் பட்டு, அரிப்பு இருந்தால். இது பூஞ்சைத் தொற்று. பெரும்பாலும் வாடை இருக்காது. அடிக்கடி வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* வாடையோடு காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால். பிரசவமோ, கருக்கலைப்போ ஆன சமயம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

* கர்ப்பமாக இருக்கும்போது வாடை வந்தால். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் ஆகக்கூடும்.

* ரத்தம் கலந்து பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் தெரிந்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும். கர்ப்பப்பை வாய் புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஒன்றும் பேசவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு என்னை எழுப்பினார். "எனக்கும் ஆறு மாசமா அப்படித்தான்மா படுது. ரத்தமும் தெரியுது. இந்த வயசுல யாருகிட்ட சொல்றது?" என்று அழுதார். அவருக்கு வயது 58. விலக்கு நின்று எட்டு வருடம். எனக்கு வெந்தயம் சொன்ன அதே அத்தை, தானும் வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு, விடியும் முன்னே புடவையைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

மறுநாளே அழைத்துப் போனேன். சதை எடுத்துச் சோதித்ததில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளை, பரவவில்லை. கரண்ட் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். சொன்ன தேதியில் செக்கப்புக்குப் போய் வருகிறோம்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையை அரசு மருத்துவமனையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகச் செய்கிறார்கள். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். சில நிமிட வேலைதான். நானும் செய்துகொண்டேன்.

கணவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதையேதான் உங்களிடமும் கேட்கிறேன், சகோதரிகளே. நீங்கள் மட்டும் போனால் போதாது. வீட்டில் இருக்கும் அம்மாவிடமும், மாமியாரிடமும் நீங்களே கேளுங்கள். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள்.

— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்.