தப்பொலியும் மூன்று கமராக்களும்

மாசி மாதத்தில் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வேடந்தரித்துத் தப்பு என்னும் பறையின் ஒலிக்கு ஆடி, ஈற்றில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோகும் கட்டம் வரையில் இராமுழுதும் நீளும் காமன் கூத்தை வீடியோவில் பிடிக்க முனைகிறவர், இலங்கையின் பெருந்தோட்டங்களில் இரத்தினபுரியிலாயினும் கேகாலையிலாயினும், ஒரே கமராவை நம்பினால் ரதியின் முதுகையே பெரும்பாலும் பதிவுசெய்து திரும்புவார். ஆகவே கூத்து நடக்கும் காமன் பொட்டலுக்குள் ஆட்டக்காரரை நெருங்கி ஒன்று, தப்புக்காரர் பக்கம் ஒன்று, கூட்டம் முழுவதும் தெரியத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் படிக்கட்டில் ஒன்று என மூன்று கமராக்களை வைப்பதே உசிதம்.

தொல்லை மறுநாள் கணினியின் முன்னே ஆரம்பமாகிறது. மூன்றும் ஒரே க்ஷணத்தைக் காட்டும்படி அவற்றை இணைக்க, கூத்துக்குமுன் எல்லாக் கமராக்களையும் ஓடவிட்டுத் தப்பில் ஓங்கி ஓர் அடி அடிக்கச் சொன்னால், சினிமாக்காரரின் கிளாப் பலகை வேறு தேவையில்லை. டாவின்சி ரிசால்வ், அடோபி பிரீமியர் போன்ற மென்பொருள்கள் ஒலியலைகளை ஒப்பிட்டுத் தாமே பொருத்திவிடும்.

ஆனால் ஒலி, ஒளியைப் போல் விரைந்து வருவதன்று. விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும் அது, விநாடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமுக்குள் 14 மீற்றரைக்கூட எட்டுவதில்லை. எனவே 40 மீற்றர் தள்ளி லயத்துப் படியில் நிற்கும் கமராவுக்குத் தப்பொலி ஏறக்குறைய மூன்று பிரேம் பிந்தியே கேட்கிறது. ஒலிகளை ஒன்றாக்கியதும் அந்தக் கமராவின் படம் முந்திக்கொள்ள, குச்சி தோலில் பட்டபின் ஓசை எழுவதாகத் தோன்றும். படத்தை மூன்று பிரேம் பின்னுக்குத் தள்ளி, தப்புக்கு அருகில் பதிந்த ஒலியையே இறுதிவரை வைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம். சில கமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமே நின்றுவிடும் என்பதும் விடியவிடிய நடக்கும் கூத்தில் நினைவிலிருக்க வேண்டும். மறுபடி ஓட்டும்போதெல்லாம் புதிதாகப் பொருத்தியாக வேண்டும்.

பொருத்தியபின் மூன்று கோணங்களும் திரையில் சிறு சதுரங்களாய் ஒருங்கே ஓட, விசைப்பலகையில் 1, 2, 3 என்று தட்டத் தட்டக் கோணம் மாறும்; தவறியதைப் பின்னர் திருத்தலாம். 1951இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரை மூன்று பிலிம் கமராக்களால் பிடித்தபோது, பிலிம் சுருள்களையே அருகருகே ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்த வேலை இது.

விரல் எளிதாகத் தட்டுகிறதென்பதற்காகத் தட்டிக்கொண்டேயிருப்பது புதியவர் செய்யும் பிழை. தப்பின் தாளம் துரிதமாகும் ஆட்டங்களில் அடிக்கு அடி மாற்றுவது சிறப்பாயிருக்கலாம். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்திலோ, ரதியாக வேடமிட்ட ஆடவரின் முகத்தைவிட்டு நகராத ஒரே கமராவே போதுமென்பது என் அபிப்பிராயம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு: புலம்பலைக் கேட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கும் பாட்டிமார் லயத்துப் படிக் கமராவில் அகப்பட்டிருந்தால், ஒரு முறை அங்கே போய்வரலாம்; தோட்டத்தார் அந்தப் படத்தில் முதலில் தேடுவதும் தம் வீட்டார் முகங்களைத்தான்.