தலைவன் இல்லாத 5 கம்ப்யூட்டர்கள்!
சின்ன ஆபீசில் சமாளிப்பது எப்படி?

ஒரு சின்ன ஆபீஸ். 5 பேர் வேலை பார்க்கிறார்கள். மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். மூலையில் ஒரு பிரிண்டர்.

பாங்கி போன்ற பெரிய இடங்களில் "சர்வர்" என்ற பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். அதுதான் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் தலைவன். யாரை உள்ளே விடலாம், யாருக்கு எந்தக் கணக்கைக் காட்டலாம் என்று அதுவே தீர்மானிக்கும்.

சின்ன ஆபீசுக்கு அது கட்டுப்படி ஆகாது. விலை அதிகம். பார்த்துக்கொள்ளவும் தனி ஆள் வேண்டும்.

தலைவன் இல்லாமல் நடத்த முடியாதா? முடியும். ஆனால், அவன் செய்யும் வேலையை ஆபீசில் ஒருவர் செய்தாகவேண்டும்.

எல்லாம் சமம்

கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்துவிட்டால், ஒன்றில் உள்ள பைலை இன்னொன்றில் பார்க்கலாம். இதற்கு "ஒர்க் குரூப்" என்று பெயர். 1992-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோசிலேயே இந்த வசதியைச் சேர்த்தது.

இதில் எல்லாக் கம்ப்யூட்டரும் சமம். தொல்லையும் அதுதான்!

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும். 5 பேரும் 5 கம்ப்யூட்டரில் உள்ள பைல்களையும் பார்க்கவேண்டுமானால், 25 தடவை பெயரும் பாஸ்வேர்டும் பதியவேண்டும். 10 பேர், 10 கம்ப்யூட்டர் என்றால், 100 தடவை!

ஒருவர் வேலையை விட்டுப் போனால், எல்லாவற்றிலும் அவர் பெயரை எடுக்கவேண்டும். ஒன்றில் மறந்தாலும் போதும். கதவு திறந்தே கிடக்கும்.

2017-ல் வந்த ஆபத்து

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி "வான்னாக்ரை" என்ற கம்ப்யூட்டர் வைரஸ் உலகைக் கலக்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு" என்று அது மிரட்டியது. இங்கிலாந்தில் பல அரசாங்க ஆஸ்பத்திரிகள் திணறின. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் வழியாகவே அது ஒரு கம்ப்யூட்டரில் இருந்து மற்றொன்றுக்குத் தாவியது. யாரும் எதையும் தொடவேண்டியது இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கும் "அப்டேட்", மார்ச் 14-ந் தேதியே வந்துவிட்டது. கிட்டத்தட்ட 2 மாத அவகாசம் இருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தலைவன் இல்லாத ஆபீசில், ஒரு கம்ப்யூட்டர் அப்டேட் ஆகாமல் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பக்கம். எப்போது வாங்கியது, யார் யார் பெயர் இருக்கிறது, கடைசி அப்டேட் எப்போது என்று எழுதவேண்டும். வாரம் ஒரு முறை சரிபார்க்கவேண்டும்.

பொதுப் பைல்களை ஒரே கம்ப்யூட்டரில் வையுங்கள். அதில் 5 பெயர். மற்ற நான்கிலும் அவரவர் பெயர் மட்டும். 25 பதிவு 9 ஆகக் குறைந்துவிடும்! அந்தக் கம்ப்யூட்டரைக் காலையில் முதலில் போட்டு, மாலையில் கடைசியாக அணைக்கவேண்டும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் இருந்தால் கவனியுங்கள்.

தினமும் பைல்களைத் தனி டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், வைரஸ் வரும்போது நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டாவது டிஸ்க் ஒன்று முதலாளி வீட்டில் இருக்கட்டும். ஆபீசில் தீப்பிடித்தாலும் கணக்குப் பிழைக்கும்.

மாதம் ஒரு முறை, நகலில் இருந்து ஒரு பைலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயன் இல்லை.

யார் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. அது போனால், கஷ்டம் முதலாளிக்கு மட்டும் அல்ல. அங்கே வேலை பார்க்கும் 5 குடும்பங்களுக்கும்தான்.