யார் தொகுத்த பட்டியல் இது?

ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் என்பிஎம் களஞ்சியத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், இருக்கின்றன. ஒரு வேலைக்கு எதை எடுப்பது என்று குழம்புகிறவர், பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிறார். அந்த எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பது 2016 மார்ச்சில் வெளிப்பட்டது. எழுத்துகளின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 'லெஃப்ட்-பேட்' பேக்கேஜ் வெறும் 11 வரிதான். எழுதியவர் அதை நீக்கியதும், பேபல் போன்ற பெரிய கருவிகளையே நிறுவ முடியாமல் போயிற்று. லட்சக்கணக்கில் பதிவிறக்கப்பட்ட அதைத் தெரிந்து எடுத்தவர்கள் சிலரே. பெரும்பாலோரிடம் வேறொரு பேக்கேஜ் அதை இழுத்துவந்து சேர்த்திருந்தது. பெயரை நம்பி எடுப்பதும் ஆபத்துதான். மறு ஆண்டே, 'கிராஸ்-என்வ்' என்ற பேக்கேஜ் பெயரின் நடுக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு போலி நுழைந்து, கணினியின் ரகசிய விவரங்களைத் திருடியது.

ஆகவே தேடலை, துறை தெரிந்தவர் பெயர் போட்டுத் தொகுத்த பட்டியலிலிருந்து தொடங்குவதே சரி. இதைச் செய்துகாட்டியிருப்பது புள்ளியியலாளர்களின் 'ஆர்' மொழி. அதன் க்ரான் களஞ்சியத்தில் 20,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள். அவற்றுக்கு 'டாஸ்க் வியூ' என்ற துறைவாரிப் பட்டியல்கள் 2005-லேயே வந்துவிட்டன. பொருளாதார அளவையியல் பட்டியலைத் திறந்தால் தொகுப்பாளரின் பெயர், மின்னஞ்சல், கடைசியாகத் திருத்திய தேதி மூன்றும் மேலேயே நிற்கின்றன. கீழே, தொடர்புப்போக்கு, காலத்தொடர் என்று பிரச்சினைவாரியாகப் பத்திகள். எந்தக் கணக்குக்கு எது உதவும் என்ற விளக்கம். முதன்மையானவை தனியே குறிக்கப்பட்டிருக்கும். ஒரே கட்டளையில் அனைத்தையும் நிறுவிக்கொள்ளலாம். 'இதுவே சிறந்தது' என்று சான்றளிப்பது தங்கள் நோக்கமல்ல என்று நெறிமுறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்களே, அந்த நேர்மை பெரிது.

பட்டியல்கள் பழசாகிவிடும் என்ற மறுப்பு நியாயமானதுதான். நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் 2014-இல் தொடங்கிய 'ஆசம்' என்ற பரிந்துரைப் பட்டியல்களில் கவனிப்பாரற்றுப் போனவை ஏராளம். 1998 முதல் இணையம் முழுவதையும் வகைப்படுத்த முயன்ற டிமோஸ், 2017-இல் மூடப்பட்டது. ஆனால் டிமோஸ் எடுத்துக்கொண்டது எல்லையற்ற வேலை. டாஸ்க் வியூ ஒரு துறையோடு நிற்கிறது, பழசானால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். தொகுப்பாளரின் விருப்பு வெறுப்பு கலக்கும் என்பதும் உண்மை. ஆனால் கேள்வி கேட்க அவர் முகவரி இருக்கிறது. தேடுபொறியின் வரிசையை யாரிடம் கேட்பது? செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் போதாதா என்பார்கள். இல்லாத பேக்கேஜின் பெயரையும் அது உறுதியாகச் சொல்வதுண்டு. அதே பெயரில் எவரேனும் தீங்கான நிரலைப் பதிவேற்றினால், நம்பியவர் தானே போய் மாட்டிக்கொள்வார். இப்பட்டியல்களைப் பராமரிப்பவர்களோ பெரும்பாலும் தன்னார்வலர்கள். இவற்றால் பிழைக்கும் நிறுவனங்கள், தம் பொறியாளர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கை இந்தப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும்.