ஒத்தும் கார்டும்

பசுவந்தனை, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களின் கோயில் கொடைகளில் முழங்கும் நையாண்டி மேளத்தில் தவிலும் பம்பையும் தமுக்கும் எவ்வளவு ஆரவாரித்தாலும் மெட்டைச் சுமப்பது நாகசுரமே; அதன் அடியில் ஒத்து என்னும் துணைக்குழலோ, அதன் இடத்தைப் பிடித்துவிட்ட சுருதிப் பெட்டியோ ஆதார சட்சத்தை அறாது ஒலித்துக்கொண்டிருக்கும். மேற்கத்திய இசை இவ்விடத்தில் கார்டுகளை, அதாவது மூன்று சுரங்களையேனும் ஒருசேர ஒலிக்கும் அடுக்குகளை வைக்கிறது. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் ஒழுங்கு ஹார்மனி எனப்படும்.

சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவற்றின் அதிர்வெண்கள் 4:5:6 என்னும் எளிய விகிதத்தில் அமைவதால் அம்மூன்றும் சேர்ந்த கார்டு செவிக்கு இசைவாக ஒலிக்கிறது. சட்சம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றை அடியாகக் கொண்ட மூன்று கார்டுகளே எத்தனையோ பாடல்களுக்குப் போதுமானவை. சட்சக் கார்டின்மேல் நிஷாதத்தையும் ரிஷபத்தையும் ஏற்றினால் அது செறிவடைகிறது. ஆனால் செறிவு எல்லா மெட்டுக்கும் பொருந்துவதில்லை.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்திற்காக வாசித்த ஆபேரியை எடுத்துக்கொண்டால், அந்த இராகத்தின் காந்தாரமும் நிஷாதமும் ஓரிடத்தில் நில்லாமல் கமகத்தால், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கும் முறையால், உயிர்பெறுகின்றன. அவ்விரண்டையும் அசையாமல் பிடித்துவைக்கும் நான்கு சுரக் கார்டு அடியில் ஒலித்தால் மெட்டும் கார்டும் முட்டிக்கொள்ளும். காந்தாரத்தை விலக்கிச் சட்சமும் பஞ்சமமும் மட்டும் ஒலித்தால் (கிதார் கலைஞர்கள் இதைப் பவர் கார்டு என்பர்) நாகசுரத்துக்கு வழி கிடைக்கிறது. ஒத்தின் ஒற்றைச் சுரத்தை இசையறிவின் குறை என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

சில சுரங்களுக்குள் அடங்கி, நேராக நின்று ஒலிக்கும் நாட்டுப்புற மெட்டின் நிலை வேறு. நீண்டு நிற்கும் ஒரே பஞ்சமம் கார்டின் அடிச்சுரத்திலிருந்து எண்ணும்போது, சட்சக் கார்டின்மேல் ஐந்தாம் சுரமாகவும், சாதாரண காந்தாரத்தை அடியாகக் கொண்ட கார்டின்மேல் மூன்றாம் சுரமாகவும், மத்திமக் கார்டின்மேல் அதில் அடங்காத ஒன்பதாம் சுரமாகவும் மாறி, மெட்டு அசையாமலே உணர்ச்சி மாறுகிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்த இளையராஜா நாட்டுப்புற மெட்டுகளுக்குக் கார்டுகளையும் தனித்து நடக்கும் பேஸ் கிதாரையும் துணையாக்கியது இந்த வாய்ப்பை அறிந்தே எனலாம். ஆகவே இசையமைக்கத் தொடங்குவோர் கார்டு நூல்களைப் புரட்டுமுன், தம் மெட்டில் எந்தச் சுரம் நிற்கிறது, எது அசைகிறது என்று முதலில் பாடிப் பார்த்தல் வேண்டும்.