வேலி பிரித்த வயல்

இங்கிலாந்தில் வார்விக்ஷயர் பகுதியில், எட்ஜ்ஹில் குன்றின் அடிவாரத்தில் டைசோ என்றொரு கிராமம். பெயர்தான் ஒன்று. மேல் டைசோ, நடு டைசோ, கீழ் டைசோ என்று குடியிருப்புகள் மூன்று. மேலும் நடுவும் இன்று ஏறக்குறைய ஒட்டிவிட்டன. கீழ் டைசோ சற்றுத் தள்ளி நிற்கிறது. பழைய மாதா கோயில் நடு டைசோவில் இருக்கிறது.

டியூ என்பது ஆங்கிலேயரின் மூதாதையர் கும்பிட்ட போர்த் தெய்வம். 'டியூவின் குன்று' என்பதே ஊர்ப் பெயருக்குப் பொருள். செவ்வாய்க்கிழமையை 'டியூஸ்டே' என்கிறோமே, அதுவும் இந்தத் தெய்வத்தின் பெயர்தான்! குன்றுச் சரிவில் செம்மண் தெரியும்படி புல்லைச் செதுக்கி ஒரு பெரிய குதிரை உருவமும் வைத்திருந்தார்கள். இப்போது அது இல்லை.

1086-ல் அரசன் எடுத்த நிலக் கணக்கிலேயே டைசோ உண்டு. மூன்று குடியிருப்புகளையும் கட்டி வைத்தது வேலியில்லாத வயல். ஒவ்வொருவர் நிலமும் துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கும். எதை விதைப்பது, மாட்டை எப்போது அவிழ்த்துவிடுவது என்பதெல்லாம் ஊரார் கூடிப் பேசி முடிவு செய்வது.

1796-ல் ஒரு சட்டம் வந்தது. நிலம் அளந்து பிரிக்கப்பட்டு வேலி போடப்பட்டது. பத்திரம் உள்ளவனுக்குப் பங்கு கிடைத்தது. பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்தவனுக்கோ கூலி வேலைதான் மிச்சம்! செங்குதிரையும் ஏறக்குறைய 1800-ல் ஏரில் போயிற்று.

முக்கால் நூற்றாண்டுக்குப் பின் கூலியாள் வாய் திறந்தான். 1872 பிப்ரவரி 7 அன்று, அதிகத் தூரமில்லாத வெல்ஸ்போர்ன் ஊரில், ஜோசப் ஆர்ச் என்ற வேலி வெட்டும் தொழிலாளி ஒரு மரத்தடியில் நின்று பேசினார். அங்கிருந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாரத்துக்கு 16 ஷில்லிங் கேட்டார்கள். ஆர்ச் 1885-ல் பார்லிமெண்டுக்கே போனார்.

டைசோவில் 1859-ல் பிறந்த ஜோசப் ஆஷ்பியும் வயல் கூலியாகத் தொடங்கியவர்தான். அவர் வாழ்க்கையை மகள் எழுதி, 1961-ல் நூலாக வந்தது. ஊரின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ரயில்வே குமாஸ்தாவான எனக்கு ஒரே ஒரு குறை. டைசோவுக்கு ரயிலே வரவில்லை! 1871-ல் பக்கத்துக் கைன்டன் வரை வந்தது. 1952-ல் அங்கும் பயணி வண்டி நின்றுபோனது.

அதுவரை ஊர்க் காரியங்களைப் பாதிரியாரும் பெரிய பண்ணைக்காரர்களும் கவனித்து வந்தார்கள். 1894 சட்டத்தால் கூலியாளும் ஓட்டுப் போட்டு, தானும் நிற்கக்கூடிய ஊர் மன்றம் ஏற்பட்டது. மேல், நடு, கீழ் மூன்றுக்கும் இன்றைக்கும் ஒரே மன்றம்தான்.