கோட்டை நிழல் – 23: துத்தம் தெளித்த கொடி

65 நாள் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்த மேஜர் பிரஸ்டனிடம், 1761 பிப்ரவரியில் நம் தியாகதுருகம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்படைத்ததோடு போன வாரம் நிறுத்தினேன். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கல்வராயன் மலைக் கோடை விழா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கரியாலூருக்குப் பஸ் நேரம்கூட விசாரித்து வைத்தாயிற்று. அதற்குள் எங்கள் வீட்டு எலுமிச்சை மரத்தில் பிசின் வடியத் தொடங்கிவிட்டது.

மரத்துக்கும் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 22 வாரமாக நான் தேடி அலைவது ஒன்றே ஒன்றுதான்: நம் கோட்டை மலைமேல் ஏறி இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு என்ன விட்டுப் போனார்கள்? இடிந்த மதில் ஓரம் தேடினேன், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன், அகப்படவில்லை. திங்கட்கிழமை காலை மருந்து வாங்க உரக்கடைக்குப் போனேன். பட்டையில் பிசின் வடிகிறது என்று சொன்னதும், கடைக்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“போர்டோ பசை தடவுங்க சார். ஒரு மரந்தானே? மயில் துத்தம் நூறு கிராம், சுண்ணாம்பு நூறு கிராம், தண்ணி ஒரு லிட்டர். பிசினைச் சுரண்டி எடுத்துட்டுப் பூசிவிடுங்க.”

போர்டோ! தேடிய மூலிகை காலில் சிக்கியது போல் இருந்தது. உலகத்துக்கே ஒயின் விற்கும் பிரெஞ்சு ஊரின் பெயரை, ஒயின் பாட்டிலையே கண்ணால் பார்த்திராத மனிதர்கள் நம் கடைத்தெருவில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தென்னை வைத்தவர், வெற்றிலைக் கொடிக்கால் போட்டவர், மிளகு ஏற்றியவர் எல்லாருக்கும் பழகிய சொல். இது கோட்டையில் இருந்த சிப்பாய்கள் விட்டுப்போனது இல்லை, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வேறு வழியாக வந்தது. அதனால் என்ன, பிரெஞ்சு பிரெஞ்சுதானே.

போர்டோ நகரம் பிரான்சின் தென்மேற்கில் கரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதற்கு வடக்கே கழிமுகத்தின் இடது கரையோரம் நீளவாக்கில் கிடக்கும் சீமைக்கு மெதோக் என்று பெயர். அங்கே இப்போது வசந்தம். வசந்தத்தில் ஒரு வார இறுதியில் அங்கே வாசல்களைத் திறந்து வைத்து விருந்தாளிகளை அழைப்பார்கள். சாதாரண நாளில் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே நுழைய முடியாத மாளிகைகள்கூட, அந்த வார இறுதியில் கதவைத் திறந்து, நிலவறையில் அடுக்கிய பீப்பாய்களைக் காட்டி, ஊற்றியும் கொடுக்கும். ஏப்ரலில் உலகத்து வியாபாரிகளும் விமர்சகர்களும் கூடுகிறார்கள். முந்தின இலையுதிர் காலத்தில் பிழிந்து, இன்னும் பீப்பாயிலேயே கிடக்கும் இளம் ஒயினை நாக்கில் விட்டுத் துப்பிவிட்டு, பாட்டிலில் அடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் சரக்குக்கு விலை பேசுகிறார்கள். நம் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் அந்தச் சமயம் கொடியில் பழம் கிடையாது. குளிரில் மொட்டையாக நின்ற கட்டையில் அப்போதுதான் முளை விட்டிருக்கும். விருந்தாளிகள் பார்க்கப் போவது அந்தப் பச்சைப் பொட்டுகளைத்தான். தோட்டக்காரருக்கோ அதே பொட்டுகளால் தூக்கம் போகும். முளைத்த பிறகு ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் அந்த வருஷத்து மகசூல் கருகிவிடும். 2021 ஏப்ரலில் அப்படித்தான் விழுந்தது. பிரான்சின் தோட்டங்களில் ராத்திரி முழுக்க வரிசை வரிசையாகத் தீச்சட்டி ஏற்றி வைத்தார்கள். படத்தில் பார்த்தபோது திருக்கார்த்திகை போல அழகாக இருந்தது. அவர்களுக்கு அது எழவு.

இனி மருந்துக்கு வருகிறேன். கோடை விழாவை விழுங்கியது இந்தக் கதைதான்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. ஊர் ஊராகக் கொடிகள் செத்தன. அந்தப் பூச்சியைத் தாங்கும் வேர் வேண்டும் என்று அமெரிக்கக் கொடிகளையே கப்பல் கப்பலாக இறக்கினார்கள். வேர் வந்தது, கூடவே இலையைப் பிடிக்கும் அடிச்சாம்பல் நோயும் வந்தது. 1878-ல் பிரான்சில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பழம் பழுக்கும் முன்பே இலை கருகிக் கொட்டிவிடும்.

போர்டோ பல்கலைக்கழகத்தில் மில்லார்தே என்று ஒரு தாவரவியல் பேராசிரியர். 1882 அக்டோபர் கடைசியில் மெதோக்கில் சேன் ழூலியேன் என்ற ஊர்த் தோட்டங்கள் வழியாக நடந்து போகிறார். உள்ளே இருந்த கொடிகள் எல்லாம் இலை உதிர்ந்து நிற்கின்றன. பாதையோரத்து வரிசைகளில் மட்டும் இலை இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் இலைமேல் நீலம் பூத்த பொட்டுகள். தோட்டத்து மேலாளரைக் கேட்டார். அவர் சொன்ன பதிலில் விஞ்ஞானம் ஒரு துளியும் இல்லை. வழியில் போகிறவன் எல்லாம் கை நீட்டிப் பழத்தைப் பறித்துத் தின்கிறான். அதனால் காய் நிறம் பிடிக்கும் பருவத்தில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பாதையோர வரிசையில் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விஷம் என்று பயந்து தொடமாட்டான், அவ்வளவுதான் என்றார்.

அதாவது திருட்டுக்கு வைத்த மருந்து நோய்க்கு மருந்தாகிவிட்டது! மில்லார்தே விடவில்லை. வேதியியல் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்த மேலாளரின் தோட்டத்திலேயே துத்தத்தையும் சுண்ணாம்பையும் பல விகிதத்தில் கலந்து தெளித்துப் பார்த்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். அன்றிலிருந்து அது போர்டோ கலவை.

நம் ஊர்க் கத்தரித் தோட்டத்தில் கறுப்புச் சட்டியைக் கவிழ்த்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கழியில் குத்தி வைப்போமே, அது ஞாபகம் வந்தது. நாம் பயந்தது கண்ணுக்கு, அவர்கள் பயந்தது கைக்கு. நம் சட்டியின் பக்கத்தில் எந்தப் பேராசிரியரும் நின்று பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் சட்டியால் கத்தரிப்புழு செத்திருக்காது என்பது வேறு விஷயம். அன்று வழிப்போக்கனை விரட்ட மருந்து தெளித்த அதே மெதோக்தான் இன்று வசந்தத்தில் வழிப்போக்கனை வா வா என்று கூப்பிடுகிறது. மில்லார்தே கதையைப் படித்துவிட்டு நான் எழுந்து இரண்டு முறை திண்ணையில் நடந்தேன்.

எனக்கு இந்த மருந்து புதிதில்லை. எங்கள் பெரியப்பா தென்னங்குருத்துக்கு அடிக்கக் கரைப்பார். ‘போடோ மருந்து’ என்றுதான் சொல்வார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கழியால் கலக்குவேன். இரும்பு வாளி கூடாது, துத்தம் அரித்துவிடும், மண்பானைதான். ஒரு பானையில் ஐம்பது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், இன்னொன்றில் அதே அளவு சுண்ணாம்பு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றவே கூடாது. ஒருநாள் நான் அவசரத்தில் மாற்றி ஊற்றினேன். கலவை திரிந்து அடியில் தங்கியது. “டேய், ஒன்ன யாருடா ஊத்தச் சொன்னது? கலக்கத்தானடா சொன்னேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்து மேலிருந்த ஆள் இறங்கி வந்துவிட்டார்.

சரியாக வந்ததா என்று பார்க்க அரிவாளைத் தீட்டி அதன் நுனியைக் கலவையில் முக்குவார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் இரும்பு செம்பு நிறத்தில் சிவந்திருக்கக் கூடாது. சிவந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, குருத்தைச் சுட்டுவிடும், இன்னும் சுண்ணாம்பு போடு என்று அர்த்தம். கரைசலில் தனியாக நிற்கும் செம்பு இரும்பின்மேல் வந்து ஏறிக்கொள்கிறது. பெரியப்பாவுக்கு இதன் வேதியியலும் தெரியாது, போர்டோ எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. அரிவாள் தெரியும். கரைத்ததை அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்பதும் தெரியும்.

சரி, இவ்வளவு பேசிவிட்டு நம் நாட்டுத் திராட்சையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. உறைபனி இல்லை, கொடி தூங்குவதும் இல்லை. கவாத்துக் கத்தி சொல்கிறபோது அது முளைக்கும். மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் சித்திரையில் பழம்; வைகாசியில் செய்தால் ஆவணியில் பழம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரம் வெட்டுவதால் ஏறக்குறைய வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் போகிறவர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கல்தூண் பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்துக்கொள்வது இதனால்தான் முடிகிறது. மெதோக் விருந்தாளிக்குப் பச்சைப் பொட்டு, சுருளிப்பட்டி விருந்தாளிக்குக் குலை. பழுக்கிற நேரத்தில் மழை அடித்தால் பழம் வெடித்து விலை படுத்துவிடும், அங்கே உறைபனி செய்கிற வேலையை இங்கே மழை செய்கிறது. நாசிக்கில் இன்னும் தலைகீழ்: ஐரோப்பாவில் முளை விடுவதற்கு முன்பே, ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே ஒயின் திராட்சை அறுவடை நடக்கும். தொட்டியில் இறங்கிப் பழத்தை மிதிக்கச் சென்னையிலிருந்துகூடக் கிளம்பிப் போகிறார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது பத்திரிகைகளில் வந்த வரலாறு, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது. பாதிரியார் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் ஆகாதே, நிச்சயம் நட்டிருப்பார் என்று இந்த அத்தியாயத்தையே அவர் பெயரில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதை உண்டாக்கியவர் பிரெஞ்சுக்காரரும் இல்லை, ஜெர்மானியரும் இல்லை. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டக்காரர், சீவர்ட் ஸ்னோ என்று பெயர். கறுப்பு ஹாம்பர்க்கையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் இனக்கலப்பு செய்தார். காலம் சுமார் 1850.

1850-ல் பிறந்த பிள்ளையை 1832-ல் யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு வர முடியும்? பாதிரியார் கொண்டுவந்தது வேறு ஏதோ கறுப்புத் திராட்சையாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டு பிசகியிருக்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் படுகிறது. பாதிரியாரை இழக்க மனமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆறுதலாக ஒரு தகவல்: தெற்கு பிரான்சில் வாந்தூ மலையடிவாரத்தில் இதே ரகத்தை வளர்க்கிறார்கள், அங்கேயும் அதை ஒயினாக்காமல் பழமாகத்தான் தின்கிறார்கள். அவர்களுக்கும் அதற்கென்று ஊர்ப்பெயர்க் குறியீடு உண்டு.

எங்கள் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒயினைப் பற்றி இப்படிச் சிரித்துப் பேசக் கூச்சமாகவும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். எத்தனால் குடித்தவன் பெரும்பாலும் எழுந்துவிடுவான். மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அது முதலில் கண்ணை வாங்கும். பாட்டிலில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று எழுதி ஒட்டுகிறான் மெதோக்காரன். கருணாபுரத்தில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும், ஓர் அத்தியாயத்தின் வாலில் ஒட்டக் கூடாது. எழுதுவேன்.

ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது மணிக்குள் இதை அனுப்ப வேண்டும். கல்வராயன் கோடை விழா, கரியாலூர் படகு, மேகம் அருவி, 1976 வரை அந்த மலையை ஆண்ட ஜாகீர்தார்கள் எல்லாம் அடுத்த வாரம். பசையைக் கரைத்து வைத்திருக்கிறேன். கத்தியை முக்கிப் பார்த்தேன், லேசாகச் சிவந்திருக்கிறது. சுண்ணாம்பு வாங்க மறுபடி கடைக்குப் போக வேண்டும்.

(தொடரும்)