குளிரில் வாடும் மாங்கன்று
(பத்தாம் வகுப்பு மாணவி)

மலையூரில் வாழும் நம்மில் பலருக்குச் சமவெளியில் உறவினர் உண்டு. விடுமுறைக்குப் பெரியகுளம் சென்று திரும்பும்போது, பழக்கூடையோடு ஓர் ஒட்டு மாங்கன்றையும் கொண்டு வருவோர் உண்டு. கொடைக்கானலோ ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும். எனவே கன்றைத் தொட்டியில் நட்டு வீட்டினுள் வைக்கிறோம். ஆயினும் டிசம்பர் வந்ததும் இலைகள் தொங்கி, நுனி கருகி, ஒவ்வொன்றாக உதிர்கின்றன. செத்துவிட்டது என்று எண்ணிக் குப்பைமேட்டில் எறிந்துவிடுகிறோம். அவற்றுள் உயிருள்ள கன்றுகளும் இருக்கக்கூடும்!

உயிர் உண்டா?

தண்டின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பசுமையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் சற்றுக் கீழே சுரண்டுங்கள். ஒட்டுக்கு மேலே பசுமை இருப்பது அவசியம். ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்த்தால், நாம் விரும்பிய இன மாமரம் கிடைக்காது.

வாடுவது ஏன்?

மா வெப்பநாட்டு மரம். வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். குளிர்ந்த மண்ணில் வேர்கள் நீரைச் சரிவர உறிஞ்சுவதில்லை. அதனால் மண் ஈரமாக இருந்தும் இலை தொங்குகிறது. நாமோ தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றுகிறோம். மண்ணிலுள்ள காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, வேர் அழுகுகிறது. குளிர் பாதி வாட்ட, நம் இரக்கம் மீதியைச் செய்துவிடுகிறது!

செய்ய வேண்டியவை

1. இரண்டு அங்குல ஆழத்திற்கு விரலை விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டுமே காலையில் நீர் விடுங்கள். நீர் இளஞ்சூடாக இருப்பது நல்லது. தட்டில் வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள்.
2. மண்ணில் துர்நாற்றம் வீசினால் கன்றை எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நீக்கி, மணல் கலந்த புதுமண்ணில் நடுங்கள்.
3. வெயில் விழும் சன்னலருகே வையுங்கள். இரவில் இலைகள் குளிர்ந்த கண்ணாடியைத் தொடக் கூடாது.
4. கணப்பின் அருகே வைக்காதீர்கள். வறண்ட காற்றில் இலையின் அடியில் சிலந்திப்பேன் பெருகும். ஈரத் துணியால் இலைகளைத் துடையுங்கள்.
5. துளிர் விடும்வரை உரம் வேண்டாம்.
6. குளிர் நீங்கியபின் சிறிது சிறிதாக வெளிவெயிலுக்குப் பழக்குங்கள்.

குளிர்நாட்டில் ஒரு வாழை

1736-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில், ஜார்ஜ் கிளிஃபர்டு என்பவரின் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் ஒரு வாழை பூத்தது. அதைப் பேணியவர் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ். அவர் வளமான மண்ணில் வாழையை நட்டு, சில வாரங்கள் நீர் விடாமல் காயவைத்து, பின்னர் வெப்பநாட்டு மழைபோல் தாராளமாக நீர் விட்டார். செடியின் தாயகத்தை அறிந்து பேணியதே அவர் வெற்றிக்குக் காரணம்.

எங்கள் பாட்டி தந்த கன்றுக்கும் மேற்கூறிய முறைகளையே பின்பற்றினோம். சென்ற பங்குனியில் செந்நிறத் துளிர்கள் தோன்றின. இக்குளிரில் அது காய்க்கும் என்று உறுதி கூற இயலாது; ஆனால் உயிரோடு இருக்கிறது. ஆகவே தோழியரே, வாடிய கன்றை எறியும் முன் ஒரு முறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்!